பூண்டு சேர்க்காத வெளிச்சம்

அத்தியாயம் 5

“கேஸ் ஷெட்டுக்குள்ள பீடி பத்த வெச்சனுங்க. நெருப்புப் புடிச்சு வெடிச்சுப்போச்சுங்க. தப்பு என்ற மேலதானுங்க.”

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து நஞ்சுண்டன் இதைச் சொல்லி முடித்தபோது, ஆண்டுவிழா மேடையில் எல்.கே.ஜி. பிள்ளை ஒப்பிக்கும் பாட்டுத்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

“இன்னொரு தடவை சொல்லுங்க,” என்றார் பூஜிதா மேடம்.

அதே மூன்று வாக்கியம். ஓர் எழுத்து பிசகவில்லை. மூச்சு வாங்கியதுகூட அதே இடத்தில்தான்.

பூஜிதா மேடம் கோவையில் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவர். நான் சபரீஷ், அவருடைய உதவியாளன். கார் ஓட்டுவது, போட்டோ எடுப்பது, வாயை மூடு என்னும்போது மூடாமல் இருப்பது ஆகிய மூன்றும் என் வேலைகள். தோட்டத்து பங்களாவில் நடந்த வெடிவிபத்தைப் பார்த்துவரச் சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனி எங்களை அனுப்பியிருந்தது. வந்து பார்த்தால், பார்க்க ஒன்றுமே இல்லை என்பதுபோல ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அந்த வெடிப்பில் வெந்துபோனது அவர் மனைவி ராசாத்தாள். கை, கழுத்து, முகத்தில் பாதி. கோவையில் பெரிய தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் கிடக்கிறார்.

இன்ஸ்பெக்டர் சுரேந்தர் கடிகாரத்தைப் பார்த்தார். “பொழுதோட மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும் மேடம். அங்கேயும் இதையேதான் சொல்லப்போறார். நீங்க எதுக்கு வெயில்ல அலையறீங்க?”

மேடம் நஞ்சுண்டனின் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு மஞ்சள் கயிறு. மஞ்சள் இன்னும் மங்கவில்லை.

“காப்புக் கட்டியிருக்கீங்களா?”

“மாரியாத்தா நோம்பிங்க.”

“காப்புக் கட்டினவங்க பீடி தொடலாமுங்களா?”

நஞ்சுண்டன் சட்டைக் கையை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டார். முழுக்கைச் சட்டை இல்லை, பாவம். கயிறு வெளியேதான் தெரிந்தது.

“சரி, அது போகட்டும்,” என்றார் மேடம். “இந்த கேஸ் வேலையெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. எங்காவது கசிஞ்சா எப்படிங்க கண்டுபிடிப்பீங்க?”

அதுவரை தரையைப் பார்த்திருந்தவர், வேலையைப் பற்றிக் கேட்டதும் நிமிர்ந்தார். “மூக்குதானுங்க. பூண்டு அழுகுன நாத்தம் குப்புனு அடிக்கும். அக்கட்டால கதவத் தெறந்து உட்டுப்போட்டு, வால்வ மூடிருவனுங்க. இப்பத்தான் வாசமே இல்லாம…”

நிறுத்திக்கொண்டார். உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி தரையைப் பார்த்தார்.

நாங்கள் எழுந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது. “ஏனுங்கம்மா… ஆஸ்பத்திரில வைத்தியத்த நிறுத்திப்போடலீங்களே?”

“இல்லீங்க. நடந்துட்டிருக்கு,” என்றார் மேடம்.

வெளியே வந்ததும் காரில் ஏறாமல், புளியமர நிழலில் நின்று வெகுநேரம் போன் பேசினார். மதியச் சாப்பாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து, “எனக்கு ரெண்டு ஆம்லெட்,” என்று கத்தினேன். முறைத்தார்.

*

சீனிவாசலுவின் தோட்டம் வெள்ளகோவிலைத் தாண்டி உள்ளே போகிற தார் ரோட்டில் இருந்தது. கோவையில் மில், ஈரோட்டுப் பக்கம் துணிக்கு ப்ளீச்சிங் போடும் பட்டறை, இங்கே பாட்டன் கட்டிய பங்களா. கரண்ட் எட்டிப் பார்க்காத காலத்தில் அந்தப் பாட்டன் தோட்டத்திலேயே அசிட்டிலீன் கேஸ் செய்து, குழாய் வைத்து, அறைக்கு அறை விளக்கு எரித்தாராம். கார்பைடு கல்லின் மேல் தண்ணீர் சொட்டினால் கேஸ் வரும், சுண்ணாம்புச் சேறு மிஞ்சும். அவ்வளவுதான் தொழில்நுட்பம்.

பேரன் அதைத் தூசி தட்டி எடுத்துக் கேட்டில் போர்டு மாட்டியிருந்தார்: ‘கரண்ட் இல்லாமல் ஓர் இரவு.’ ஏ.சி. காரில் ஏறி வந்து, காசு கொடுத்து, புழுங்கிவிட்டுப் போகிறார்கள் ஜனங்கள். எங்கள் வீட்டில் இதை இலவசமாகவே மின்வாரியம் மாதத்துக்கு ஒருநாள் செய்து தருகிறது.

காரை விட்டு இறங்கினேன். மூக்கில் அறைந்தது. பூண்டு என்றால் வதக்கிய பூண்டு இல்லை. தண்ணீரில் ஊறி, புழுத்து, மூடிவைத்துத் திறந்த பூண்டு. காலையில் தின்ற மூன்று இட்லியும் தொண்டைவரை வந்து நலம் விசாரித்தன.

“வாங்க அம்மணி! வா கண்ணு! வெயில்ல வந்திருக்கீங்க, முதல்ல எளநி குடிங்க.”

சீனிவாசலு போர்ட்டிகோவில் நின்று கைகூப்பினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளை மீசை. குரலில் அத்தனை இனிப்பு. எனக்கு அந்த இளநீரே திகட்டியது.

“ராசாத்தா என்ற கூடப் பொறந்தவ மாதிரிங்க. பெரிய ஆஸ்பத்திரில போட்டிருக்கேன். அத்தனை செலவும் என்றதுதானுங்க. நஞ்சுண்டன் மேலகூட எனக்குக் கோவமில்லீங்க. ஏதோ புத்தி கெட்டுப்போய் ஒரு பீடியப் பத்த வெச்சுப்போட்டான்.”

“உங்க மனசு யாருக்குங்க வரும்,” என்றேன். மேடம் என் காலை மிதித்தார்.

ஷெட் பங்களாவுக்குப் பின்னால் இருந்தது. இருந்தது என்பதைவிட, இருந்த இடம் இருந்தது. தகரக் கூரை பக்கத்துத் தென்னையில் தொங்கிற்று. சுவர் ஒரு பக்கம் படுத்துவிட்டது. நிற்கிற சுவரின் மாடத்தில், ரப்பர் பேண்ட் போட்ட ஒரு பீடிக்கட்டு.

“போலீசே பாத்து எழுதிட்டுப் போன பீடிங்க அது,” என்றார் சீனிவாசலு.

“கூரை தென்னமரம் ஏறிடுச்சு,” என்றேன். “பீடிக்கட்டு மட்டும் ரப்பர் பேண்ட் கழலாம உக்காந்திருக்கு. இது பீடியா, இல்ல குலதெய்வமா மேடம்?”

சீனிவாசலு சிரித்தார். சிரிப்பில் உப்பு இல்லை.

கேஸ் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே, குழாய் வெளியேறும் இடத்தில், செங்கல் அடுக்கிய, பாதி சிதறிய ஒரு சின்ன மேடை. அதன்மேல் எதுவும் இல்லை.

“இங்க என்னங்க இருந்துச்சு?” என்றார் மேடம்.

“பூந்தொட்டிங்க.”

“கேஸ் ஷெட்டுக்குள்ளயா?”

“அழகுக்குத்தானுங்க.”

மேடையைப் போட்டோ எடுக்கப் பின்வாங்கினேன். ஷெட்டுக்குப் பின்னால் கழிவுக்குழி இருப்பதை யாரும் சொல்லவில்லை. முழங்கால்வரை சுண்ணாம்புச் சேற்றில் இறங்கினேன். அந்த நாற்றமெல்லாம் அங்கேதான் குடியிருந்தது. புதுக் கறுப்புப் பேண்ட், தீபாவளிக்கு எடுத்தது, வெள்ளைக்காரன் காலாகிவிட்டது. வாந்தி எடுக்காமல் வெளியே வந்தேன் என்றால், அது என் வளர்ப்பின் பெருமை.

குழாயடியில் பேண்டைப் பிழிந்து பிழிந்து அலசினேன். இடுப்புவரை நனைந்தாலும் கறுப்பு திரும்பிவிட்டது. பின்பக்க வராந்தா ஓரத்தில் ஒரு பவானி ஜமக்காளம் மடித்துக் கிடந்தது. பெரிய ஜமக்காளம், சிவப்பும் பச்சையுமாகப் பட்டை பட்டையாக. நடுச் சிவப்பில் மட்டும், வாளியின் அடிப்பாகம் அளவுக்கு வட்டமாக வெளுத்திருந்தது. எனக்கென்ன, ஈரத்தோடு அதன்மேலேயே உட்கார்ந்தேன்.

“நல்ல ஜமக்காளம், இப்படி ஆயிடுச்சே,” என்றார் மேடம்.

“சுண்ணாம்பு பட்டு வெளுத்துப்போச்சுங்க அம்மணி. இந்தத் தொழில்ல அதுதானுங்க தொல்லை,” என்றார் சீனிவாசலு.

அதற்குள் அவருக்கு ஒரு போன் வந்தது. பேசிக்கொண்டே தள்ளிப் போனார். மேடம் பங்களாவுக்குள் நுழைந்து ஒவ்வோர் அறையாக முகர்ந்துவிட்டு வந்தார். திரைச்சீலை, தலையணை, சுவரில் நீட்டியிருக்கும் பித்தளை விளக்குகளின் வாய், எல்லாவற்றையும்.

“சபரி, குழியில நாறுது. கேஸ் கிளம்பற இடத்துல நாறுது. அது போய் எரியற அறையில நாறவே இல்ல. வழியில அந்தப் பூண்டு எங்க இறங்குச்சு?”

“வெள்ளகோவில் பஸ் ஸ்டாண்டுல டீ குடிக்க இறங்கியிருக்கும் மேடம்.”

“இறங்கல. இறக்கி விட்டிருக்காங்க. வா, அடுப்படிக்கு.”

*

சமையல்காரி கனகம் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் வாசலைப் பார்த்தார். யாரும் இல்லை என்று தெரிந்தபிறகும் குரலை ஏற்றவில்லை.

“நீங்க சமையல்ல பூண்டு போடுவீங்களாக்கா?” என்று கேட்டார் மேடம்.

அந்தக் கேள்விக்காகவே பல நாளாகக் காத்திருந்தவர் மாதிரி கனகம் கத்தியைக் கீழே வைத்தார். “அந்தப் பூண்டுனாலதானுங்க என்ற மானமே போச்சு!”

கதை இதுதான். மூச்சுப் பயிற்சி செய்கிற ஒரு பணக்காரக் குழு மாதாமாதம் பங்களாவுக்கு வரும். மொத்தமாக வரும், மொத்த அறையையும் எடுக்கும். அவர்கள் வெங்காயம் பூண்டு தொடாதவர்கள். முதல் தடவை வந்தபோது, விளக்கை ஏற்றிக் கண்ணை மூடி மூச்சை இழுத்திருக்கிறார்கள். உள்ளே போனது பூண்டு. உடனே எழுந்து, சாப்பாட்டில் பூண்டைக் கலந்து எங்கள் விரதத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று கூப்பாடு. சுவர் விளக்குகளிலிருந்து எட்டுத் திக்கும் நாறுகிற கேஸை விட்டுவிட்டு, ரசத்தைச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள் அந்த ஞானிகள்.

“இல்லவே இல்லீன்னு சொன்னனுங்க. கோயல்ல கற்பூரத்த அடிச்சுச் சத்தியம் பண்ணச் சொன்னாரு மொதலாளி. அடிச்சனுங்க. அப்பவும், நாளையில இருந்து வராதேன்னுட்டாரு. பாத்திரம் பூரா புளி போட்டுத் தேச்சாங்களாமா. நானென்னங்க, பீயவா போட்டு ஆக்கினேன்?”

“அப்புறம்?”

“நான் போயும் நாத்தம் போகலைங்க. அப்பறந்தான் வெளக்குல இருந்து வாரதுன்னு அவியளுக்கே தெரிஞ்சுது. ஏதோ பண்ணினாரு மொதலாளி, நாத்தம் சுத்தமா நின்னுபோச்சு. என்னையும் திரும்பக் கூப்பிட்டாங்க. ஒரு மன்னிப்புக்கூடக் கேக்கலீங்க. அந்தக் கும்பல் மறுக்கா வந்து, வெளிச்சமே சாத்விகமா இருக்குதுன்னு சொல்லிட்டுப் போச்சு.”

சாத்விக வெளிச்சமாம். த்தூ.

“நஞ்சுண்டன் என்ன சொன்னார்?”

கனகம் மறுபடி வாசலைப் பார்த்தார். “சண்டைங்க. மொதலாளிய எதுத்து அவரு பேசி நான் பாத்ததே இல்ல. வாசமில்லாத கேஸுக்கு நான் காவலிருக்க முடியாதுங்க, கசிஞ்சா எனக்கு எப்படிங்க தெரியும், அந்த எழவ எடுத்தாத்தான் ஷெட்டுக்குள்ள வாரேன்னு சொல்லிப்போட்டு, ஊர்க்காரரோட கொடுமுடிக்குத் தீர்த்தம் எடுக்கப் போயிட்டாருங்க.”

“வெடிச்ச அன்னைக்கு?”

“அன்னைக்கு அவரு கொடுமுடி ஆத்துலதானுங்க நின்னாரு. ஊரே கூட நின்னுது.”

எனக்கு ரத்தம் சூடாகிவிட்டது. “ஊரே பாத்திருக்கு. ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் இல்லையா?”

“நோம்பிக்கு மைக் செட்டு, வாணவேடிக்கை, அன்னதானம் எல்லாமே மொதலாளிதுங்க,” என்றார் கனகம்.

“நஞ்சுண்டன் ஊர்ல இல்ல. அப்ப ராசாத்தாள் எப்படி ஷெட்டுக்குள்ள போனாங்க?” என்றார் மேடம்.

“ஒறம்பரை வந்துட்டாங்க, தங்க வந்தவியளுக்கு வெளக்க மட்டும் ஏத்திக் குடு, உன்ற புருசன்தான் ஷெட்டு வேலைய உன்னையப் பாத்துக்கச் சொன்னான்னு மொதலாளி ஆள் உட்டாருங்க. அவ நம்பிப் போனா.”

அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்தார். வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. வாழைப்பூவைக் கையில் எடுத்துக்கொண்டார்.

*

“ஆச்சுங்களா அம்மணி? கையெழுத்துப் போடறதுக்கு ரிப்போர்ட் ஏதாச்சும் இருந்தாக் குடுங்க,” என்றார் சீனிவாசலு போர்ட்டிகோவில் நாற்காலியை இழுத்துப் போட்டு.

“ஒரே ஒரு சந்தேகம் இருக்குங்க. சபரி, திரும்பி நில்லு.”

“எதுக்கு மேடம்?”

“நில்லு.”

நின்றேன். இருவர் கண்ணும் என் பின்பக்கத்தில். கையை வைத்துத் தடவிப் பார்த்து, தலையைத் திருப்பி எட்டிப் பார்த்தேன். தீபாவளிப் பேண்டின் உட்காரும் பாகம் திட்டுத் திட்டாகப் பழுப்பேறி வெளுத்திருந்தது.

“ஐயோ! என் பேண்ட்டு!”

“இவன் முழங்கால்வரை உங்க சுண்ணாம்புக் குழியில இறங்கினான்,” என்றார் மேடம். “தண்ணி ஊத்தினதும் போயிடுச்சு. அந்த இடம் இன்னும் கறுப்பாத்தான் இருக்கு. அப்புறம் ஈரத்தோட உங்க ஜமக்காளத்துல உக்காந்தான். உக்காந்த இடத்துல சாயமே இல்ல. சுண்ணாம்பு சாயத்தத் திங்காதுங்க. ப்ளீச்சிங் பவுடர்தான் திங்கும். எனக்கே தெரியற விஷயம், ப்ளீச்சிங் பட்டறை வெச்சிருக்கறவருக்குத் தெரியாதுங்களா? தெரிஞ்சும் சுண்ணாம்புன்னு சொன்னீங்க.”

சீனிவாசலு வேட்டி மடிப்பை நீவிவிட்டுக்கொண்டார்.

“அந்தச் செங்கல் மேடையில இருந்தது பூந்தொட்டி இல்ல. நாத்தம் போக்கறதுக்காக, கேஸ் போற வழியில நீங்க வெச்ச ப்ளீச்சிங் பவுடர் டப்பா. பட்டறையில எந்த நாத்தம் வந்தாலும் அள்ளிப் போடுவீங்க இல்லீங்களா? அதே பழக்கத்துல இங்கயும் போட்டீங்க. நாத்தம் போச்சு. ஆனா அதுல இருந்து குளோரின் வரும். குளோரினும் இந்தக் கேஸும் ஒண்ணாச் சேந்தா பீடி வேண்டாம், தீக்குச்சிகூட வேண்டாம். தானா வெடிக்கும்.”

சீனிவாசலு முன்னால் குனிந்தார். குரலைத் தாழ்த்தி, தெலுங்குக்கு மாறினார். “நுவ்வு மன அம்மாயிவே கதா?” நீ நம்ம ஜனத்துப் பெண்தானே என்று அர்த்தம்.

“வெந்துபோனவங்களுக்கும் நான் வேண்டப்பட்டவதானுங்க,” என்று தமிழிலேயே சொன்னார் மேடம்.

இனிப்பு அத்தோடு தீர்ந்தது. மனிதர் நாற்காலியில் சாய்ந்தார். “ஒரு அழுக்கு ஜமக்காளம், ஒரு வெளுத்த பேண்ட்டு. இத வெச்சு என்னம்மா பண்ணுவே? துணின்னா நூறு விதத்துல வெளுக்கும். பட்டறையில இருந்து வந்த ஜமக்காளம்னு சொல்லிட்டுப் போறேன்.”

“பட்டறையில இருந்து வரலீங்க.”

கனகம். கதவு நிலையில் நின்றுகொண்டிருந்தார். கைகளில் வாழைப்பூக் கறை, குரல் தெளிவாக இருந்தது.

“நான்தானுங்க அதத் தூக்கிட்டு ஓடினேன். ராசாத்தா தீயோட உருண்டுட்டிருந்தா. அவ மேல போத்தி அமத்தறதுக்காக எடுத்துட்டு ஓடினேன். என்ற கையில இருந்து புடுங்கினாருங்க இவரு. புடுங்கி, வெடிச்சுக் கெடந்த டப்பாவ அதுல வெச்சுச் சுத்தி, கார்ல கொண்டுபோய் வெச்சாரு. அதுக்கப்பறந்தான் ஆம்புலன்ஸுக்கே போன் பண்ணினாரு. மறுநா ஜமக்காளம் மட்டுந்தானுங்க திரும்பி வந்துச்சு. நான் என்ற சீலையத்தான் அவுத்துப் போத்தினேன்.”

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள். எரிகிற பெண்ணிடமிருந்தே பிடுங்குகிற ஆளை நான் அன்றுதான் பார்த்தேன். அந்த இளநீரைக் குடித்த வாயைக் கழுவ வேண்டும்போல் இருந்தது.

சீனிவாசலு கனகத்தைப் பார்க்கவே இல்லை. மேடத்தைப் பார்த்துத்தான் பேசினார், நிதானமாக.

“நீ கெட்டிக்காரிதான். ஆனா ஒண்ணு யோசி. நஞ்சுண்டன் எதுக்கு ஒத்துக்கிட்டான்? அவன் பொண்டாட்டி உசுரு என்ற கையில இருக்குது. ஒருநாள் வைத்தியத்துக்கு ஆகற காசை அவன் ஆயுசுக்கும் பாத்ததில்ல. அவன் வாய் மாறினா நான் ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு போன் போடுவேன். அன்னைக்கே படுக்கையக் காலி பண்ணச் சொல்லுவாங்க. அவனக் காப்பாத்தறேன்னு போய் அவளக் கொன்னுடாதே. அந்தப் பாவம் உனக்கு வேண்டாம் அம்மணி.”

கடைசியில் ஓர் அம்மணி வேறு.

“போடுங்க,” என்றார் மேடம்.

“என்னது?”

“அந்தப் போனப் போடுங்க.”

விளையாட்டு என்று நினைத்தாரோ என்னவோ. எங்கள் கண்ணெதிரிலேயே எண்ணை அழுத்தினார். “நான் சீனிவாசலு பேசறேன். அந்த ராசாத்தா கேஸு… ஆமா, இனிமே அந்தப் பில்லுக்கு நான்…” நிறுத்தினார். கேட்டார். “எப்ப? யாரக் கேட்டு?” முகம் அவர் வேட்டி நிறத்துக்கு வந்தது.

“நாங்க உங்க எளநி குடிச்சிட்டிருந்தப்பவே ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சுங்க,” என்றார் மேடம். “கோவை அரசு ஆஸ்பத்திரியில தீக்காய வார்டு. மாத்தலாம்னு டாக்டர் சொல்லியாச்சு. ராசாத்தாளோட தங்கச்சி கூடவே போயிருக்காங்க. யாரைக் கேட்டுன்னா, ராசாத்தாளைக் கேட்டுத்தான். அவங்க வாயால சரின்னாங்க.”

புளியமர நிழலில் பேசிய போன்! நான் ஆம்லெட் கேட்ட போன்!

“உனக்கு எப்படித் தெரியும்?” என்றார் சீனிவாசலு. குரல் உள்ளே போயிருந்தது.

“எந்தப் புருசனும் பொண்டாட்டி எப்படி இருக்கான்னுதான் முதல்ல கேப்பான். நஞ்சுண்டன் அதக் கேக்கல. வைத்தியத்த நிறுத்திப்போடலையேன்னு கேட்டாரு. நிறுத்தறதுக்கு ஒருத்தர் இருக்காருன்னு அப்பவே தெரிஞ்சுது. அது யாருன்னு பாக்கத்தான் இங்க வந்தோம். சபரி, ஜமக்காளத்த எடு. மேல உக்காராதே. கனகம் அக்கா, எங்களோட வாரீங்களா?”

கனகம் கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு படியிறங்கினார். அடுப்பில் ஏதோ தீய்ந்துகொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

*

நாங்கள் ஸ்டேஷனுக்குப் போனபோது ஜீப் கிளம்ப நின்றது. நஞ்சுண்டன் பின்சீட்டில் ஏறிவிட்டார். இன்ஸ்பெக்டர் சுரேந்தர் ஜமக்காளத்தையும் என் பேண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கனகம் சொன்னதை நின்றபடியே கேட்டார். கேட்கக் கேட்கத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“இவர் வாயைத் திறக்கணுமே மேடம். இவரே நான்தான் நான்தான்னா நான் என்ன பண்ண?”

நஞ்சுண்டன் எங்களைப் பார்க்கவே மறுத்தார். “பீடி பத்த வெச்சனுங்க,” என்று ஆரம்பித்தார். “நெருப்புப் புடிச்சு…”

மேடம் போனை ஸ்பீக்கரில் போட்டு ஜீப்புக்குள் நீட்டினார். மறுமுனையில் ராசாத்தாளின் தங்கை, “அக்கா, மாமன் லைன்ல இருக்காரு, பேசு,” என்றாள். அப்புறம் மூச்சு இரைக்கிற சத்தம். அதன்பிறகு, கட்டுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, ஒரு பெண் குரல்.

“ஏனுங்க.”

நஞ்சுண்டன் இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டார்.

“பீடி குடிச்சேன்னா சொன்னீங்க? காப்பக் கட்டிக்கிட்டு? சொல்லறதுக்கு வாய் கூசலீங்களா உங்களுக்கு?”

“ராசாத்தா… உன்ற வைத்தியம்…”

“இங்க கவர்மெண்டு ஆஸ்பத்திரில படுத்திருக்கறனுங்க. ஒருத்தரும் காசு கேக்கல. அந்த ஆளோட காசுல கண்ணத் தொறக்கறதுக்குப் பதிலா நான் அப்படியே போய்ச் சேந்திருப்பனுங்க.” மூச்சு வாங்கினார். வலி தெரிந்தது. “ஊருக்குள்ள நான் குடிகாரம் பொண்டாட்டி, பீடிகாரம் பொண்டாட்டின்னு பேரெடுக்கோணுங்களா? கூறுகெட்ட மனுசனுங்க நீங்க.”

புருசனை இவ்வளவு மரியாதையாக ஒருவர் கிழித்து நான் கேட்டதில்லை. நஞ்சுண்டன் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை, மூக்கு ஒழுகியது, துடைக்கக்கூட இல்லை.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜீப்பிலிருந்து இறங்கினார். நேரே உள்ளே போய், காலையில் உட்கார்ந்திருந்த அதே பெஞ்சில் உட்கார்ந்தார்.

“சார், முன்னாடி எழுதினதக் கிழிச்சுப்போடுங்க.”

சுரேந்தர் புதுத் தாளை எடுத்தார். “எங்கிருந்து ஆரம்பிக்கறீங்க?”

“அவரு வாசத்த எடுத்தாரு பாருங்க சார், அங்கிருந்து எழுதுங்க.”